பிரேக் பேட் சீக்கிரம் தேய்கிறதா? காரணம் பழைய பேடிலேயே இருக்கிறது

முன்பக்க பிரேக் பேட் மாற்றி 9,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். இடது சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம். கம்பெனியிலிருந்து வந்த முதல் செட் 42,000 கி.மீ. உழைத்தது. அதே கார், அதே சாலை, ஓட்டுவதும் நான்தான். மாற்றிக் கொடுத்த இடத்தில் கேட்டேன். "நீங்க பிரேக்குல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க போல சார்" என்றார்கள்.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். கழற்றிய நான்கு பேடையும் ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தார். புதிதில் 11 மி.மீ. கனம் இருந்தவை. வலது சக்கரத்தின் இரண்டிலும் 9 மி.மீ. மீதி. இடது வெளிப்பக்கத்தில் 7. இடது உள்பக்கத்தில் ஒரு மி.மீ.கூட இல்லை, பேடின் முதுகில் இருக்கும் இரும்புத் தகடு, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் வட்ட வட்டமாகக் கோடு போட்டிருந்தது. "காலை வச்சு ஓட்டியிருந்தா நாலும்ல தேஞ்சிருக்கணும், சார்?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குள் பிரேக்கின் இயந்திரவியல் முழுக்க அடங்கியிருக்கிறது.

ஓடும் கார் என்பது ஓடும் ஆற்றல். பிரேக் அதை வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. 1,200 கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறக்குறைய 3 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வளவு வெப்பம்தான் தேவை. வீட்டில் அடுப்பு பல நிமிடம் செய்யும் வேலையை பிரேக் சில நொடிகளில் செய்துவிடுகிறது. பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, அதனால் பெரும்பங்கு வேலை முன்சக்கரங்களுக்கு. நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று வைத்திருப்பது அதனால்தான்.

பேட் என்பது இரும்புத் தகட்டின் மேல் ஒட்டிய ஒரு கலவை. நார், உலோகத் தூள், கிராஃபைட், கொஞ்சம் சொரசொரப்பான பொடிகள், எல்லாவற்றையும் கட்டிப் பிடிக்க ஃபீனாலிக் பிசின். அந்தப் பிசின் ஏறக்குறைய 300 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். பிசின் பிடி விட்டால் மற்ற துகள்கள் தாமாகவே உதிரும். ஆக, பேட் தேய்வதில் எவ்வளவு தூரம் உரசியது என்பதைவிட எவ்வளவு சூட்டில் உரசியது என்பதே பெரிய கணக்கு. சூடு ஏற ஏறத் தேய்மானம் மளமளவென்று கூடும்.

சரி, காலை எடுத்த பிறகு பேட் எப்படி டிஸ்க்கை விட்டு விலகுகிறது? டிரம் பிரேக்கில் இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் உண்டு. டிஸ்க் பிரேக்கிலோ, பேடுகளை டிஸ்க்கின் இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள், பேடைத் தள்ளும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க அப்படி எதுவும் கிடையாது. அந்த வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஒரு ரப்பர் வளையம். வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும். பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் முன்னால் போகும்போது, அதைப் பிடித்திருக்கும் இந்த வளையம் தன் இடத்திலேயே லேசாக முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும், கூடவே பிஸ்டனையும் இழுத்துக்கொண்டு வரும். அந்த இழுப்பு ஒரு மி.மீட்டரில் சிறு பகுதிதான். ஒன்றரை டன் வண்டியை நிறுத்தும் அமைப்பு அந்த மயிரிழை இடைவெளியை நம்பி இருக்கிறது என்று முதலில் தெரிந்தபோது எனக்கு வியப்பு அடங்கவில்லை.

என் கார் போன்றவற்றில் பிஸ்டன் இருப்பதோ உள்பக்கம் மட்டும். வெளிப்பக்கப் பேடை அழுத்துவது யார்? பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளும்போது அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் உள்நோக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேடை இழுத்து டிஸ்க்கில் அமுக்குகிறது. காலிப்பர் இப்படி நகர்வதற்காக இரண்டு கைடு பின்கள் இருக்கின்றன. ரப்பர் உறைக்குள், கிரீஸில் வழுக்கிப் போய்வரும் விரல் பருமனுள்ள கம்பிகள்.

என் காரில் மாட்டிக்கொண்டது அங்கேதான். மெக்கானிக் மேல் பின்னை விரலால் உருவினார், வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்ப் பின்னை இடுக்கியால் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. அதன் நுனியில் இருந்த சின்ன ரப்பர் உறை உப்பிப்போய், நகம் பட்டால் பிசுபிசுத்தது. முந்தைய முறை பேட் மாற்றியவர்கள் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸை அதில் தடவியிருக்கிறார்கள். பிரேக்கில் பயன்படும் ரப்பர் வேறு சாதி. கிளைக்கால் வகைப் பிரேக் ஆயிலுக்கு அது அசையாது, பெட்ரோலியத்தில் இருந்து எடுத்த எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். பெருத்த உறை பின்னைப் பிடித்துக்கொள்ள, காலிப்பர் நகரவில்லை. வேலை முழுவதும் பிஸ்டன் நேராகத் தள்ளும் உள்பக்கப் பேட் தலையில் விழுந்தது. இங்கே சிலிக்கான் அடிப்படையிலான பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும். சின்ன டியூப், பெரிய விலையும் இல்லை. பிரேக் ஆயில் தொட்டியில் தெரியாமல் எஞ்சின் ஆயிலை ஊற்றினாலும் இதே கதைதான், ஆனால் அப்போது உப்புவது வண்டியின் எல்லாப் பிரேக் ரப்பரும்.

தேய்ந்த விதத்தைப் பார்த்தே இப்படி நிறையச் சொல்லிவிடலாம். உள்பக்கம் மட்டும் தீர்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பவில்லை, அல்லது காலிப்பர் நகரவில்லை. வெளிப்பக்கம் மட்டும் தீர்ந்திருந்தால், அழுத்தத்துக்கு நகர்ந்துவிடும் காலிப்பர் திரும்பி வர முடியாமல் நிற்கிறது என்று பொருள். ஒரே பேட் ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு மாதிரி இருந்தால், இரண்டு கைடு பின்களில் ஒன்று இறுகியிருக்கலாம், பேட் உட்காரும் இடத்தில் துரு ஏறியிருக்கலாம். நான்கும் ஒரே அளவில் சீக்கிரம் தீர்ந்தால்தான் ஓட்டும் முறை, சுமை, பேடின் தரம் ஆகியவற்றின் மேல் சந்தேகப்பட வேண்டும். டிஸ்க்கையும் தடவிப் பார்க்க வேண்டும். கோடு விழுந்த டிஸ்க் அரம் மாதிரி, புதுப் பேடையும் தின்றுவிடும்.

ஒரு சக்கரத்தில் மட்டும் இரண்டு பேடும் தீர்ந்திருந்தால் என்ன? கைடு பின்கள் நன்றாக வழுக்கி, பிஸ்டன் மட்டும் சிக்கினால் அப்படி ஆகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் பிஸ்டனிலும் சிலிண்டரிலும் துருவாக வந்து நிற்கும். இன்னொரு சந்தேகப் பேர்வழி, காலிப்பருக்கு ஆயிலைக் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ். வெளியே பளபளவென்று இருக்கும், உள்சுவர் மட்டும் பிய்ந்து தொங்கும். நம் கால் கொடுக்கும் பெரிய அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர வழி இருக்காது.

இரண்டையும் பிரித்தறிய ஓர் அழகான சோதனை இருக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பிரேக்கை அழுத்திக் காலை எடுத்த பிறகு, சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இறுகி நின்றால் காலிப்பரில் இருக்கும் பிளீடர் திருகை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகு) கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஆயில் பீச்சியடித்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது, குற்றம் ஹோஸிலோ அதற்கு மேலேயோ. அப்போதும் விடுபடாவிட்டால் பிஸ்டனோ கைடு பின்னோதான். ஹோஸா, பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரா என்று தெரிய, இதையே ஹோஸின் மேல்முனை இணைப்பில் செய்வார்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் இறுகியே இருந்து, பிளீடரைத் தளர்த்தியதும் விடுபட்டால் ஹோஸ் அடைத்திருக்கிறது. இது பழகிய கைக்கான வேலை, வீட்டு வாசலில் முயல வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதிகம் பிரேக் போடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாக நிறுத்தி இறங்கி, சக்கரத்தைத் தொடாமல் அதன் அருகே கையைக் கொண்டுபோய் இடது வலது இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருக்கும் சக்கரம் அனலாக அடிக்கும். கணக்கு எளிது. ஐந்து கிலோ அரிசிப் பையின் எடை அளவுக்கு ஒரு சக்கரம் வண்டியைப் பின்னால் இழுக்கிறது என்று வையுங்கள். 72 கி.மீ. வேகத்தில் அது 1,000 வாட் வெப்பம். சக்கரத்துக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஊருக்குப் போவது போல. ஓட்டும்போது பெரிதாக எதுவும் தெரியாது, மைலேஜ் கொஞ்சம் குறையும்.

நான்கும் சமமாகத் தேய்ந்திருந்தால் பாதையை யோசியுங்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் குறைகிறது. ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் அதற்குள் 2.6 கோடி ஜூல் ஆற்றலைக் கரைத்தாக வேண்டும். கிட்டத்தட்ட 90 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினுக்குக் கொடுக்கிறோமா பேடுக்குக் கொடுக்கிறோமா என்பது நாம் போடும் கியரில் இருக்கிறது. இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். மேல் கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிசின் கருகும் வாடை காருக்குள் வரும். அப்போது கீழே போகும் வரை பொறுக்காமல், பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி ஆறவிடுங்கள்.

என் காருக்குப் புது ரப்பர் உறை, சரியான கிரீஸ், கோடு விழுந்த டிஸ்க்குக்குப் பதில் புது டிஸ்க் ஜோடி, புதுப் பேட் செட் போட்டோம். 10,000 கி.மீ. ஓடியதும் போய் அளக்கச் சொன்னேன். நான்கிலும் 9 மி.மீ. இருந்தது.