எக்கோ ‘நார்மல்’ சரி, எதற்கு நார்மல்?

கடந்த மாதம் வந்தவர் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். ஜிம்மில் பாரத்தைத் தரையிலிருந்து எடுத்து இடுப்பளவில் பிடித்து நின்றபோது மண்டையைப் பிளப்பதுபோல் வலி. பிறகு மூச்சு வாங்கியது, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னிடம் வந்து, அமைதியாகப் படுத்திருக்கும்போதே இரத்த அழுத்தம் 170/104. நான் வாய் திறப்பதற்குள் அவருடைய மனைவி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். “போன வருடமே எக்கோ எடுத்துவிட்டோம் சார். எல்லாம் நார்மல் என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஜிம்மிலும் சேர்த்துக்கொண்டார்கள்.”

இப்படி லேமினேட் செய்த நம்பிக்கையோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எக்கோ என்பது ஒலியலைகளைக் கொண்டு இதயத்தைப் படம் பிடிக்கும் ஸ்கேன். அந்த அறிக்கையில் பொய் ஏதுமில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, ஏசி அறையில், மூச்சைச் சீராக விட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரின் இதயம் அன்றைக்கு எப்படி இயங்கியது என்று அது சொல்கிறது. அறைகளின் அளவு, சுவர்களின் தடிமன், வால்வுகள் திறந்து மூடும் விதம், இடது கீழறை எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பவை அதில் இருக்கும். அறுபது கிலோவைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நிற்கும்போது அதே இதயம் என்ன செய்யும் என்பது அதில் இல்லை. அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவும் இல்லை.

முதலில், இடது கீழறை ஒரு துடிப்பில் எத்தனை விழுக்காடு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று காட்டும் அந்த ‘இ.எஃப்.’ (எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்) எண்ணைப் பற்றிப் பேசிவிடுகிறேன், அதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. அறிக்கையைக் கையில் வாங்கியதும் கண் நேராக அங்கேதான் போகிறது. “62 விழுக்காடுதான் வேலை செய்கிறதா, மீதி 38 என்ன ஆயிற்று?” என்று அழுதவர்களும் உண்டு. 76 என்று பார்த்துவிட்டு டிஸ்டிங்ஷன் வாங்கிய பெருமையோடு போனவர்களும் உண்டு. இது பரீட்சை மதிப்பெண் இல்லை ஐயா. கீழறை நிரம்பியிருக்கும்போது உள்ளே 100 மில்லி இரத்தம் இருந்து, ஒரு துடிப்பில் 62 மில்லியை வெளியே தள்ளினால் இ.எஃப். 62. எந்த ஆரோக்கியமான இதயமும் நூறையும் தள்ளுவதில்லை. ஆண்களுக்கு 52 முதல் 72 வரை, பெண்களுக்கு 54 முதல் 74 வரை இயல்பு. அதற்கு மேலே போனால் கூடுதல் பலம் என்றும் பொருளில்லை. பல வருட இரத்த அழுத்தத்தால் சுவர் தடித்து, உள்ளறை சுருங்கிப்போன இதயம்கூட 75 காட்டும். அந்த இதயத்தைத்தான் நான் அதிகம் கவனித்துப் பார்ப்பேன்.

அடுத்தது, “எக்கோவில் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.” யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. சொல்லியிருந்தால் சொன்னவர் தவறு. நெஞ்சின் மேல் வைத்து எடுக்கும் வழக்கமான எக்கோ, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களுக்குள் இருக்கும் அடைப்பைக் காட்டாது. குழாயில் இரத்தம் போதாமல் சுவரின் ஒரு பகுதி மந்தமாக அசைந்தால், அந்த அசைவைப் பார்த்து நாங்கள் ஊகிக்கிறோம். ஆனால் குழாய் வெகுவாகச் சுருங்கும்வரை, ஓய்வில் இருக்கும் இதயத்துக்கு வேண்டிய இரத்தம் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. 1974இல் லான்ஸ் கூல்ட் என்ற அமெரிக்க இதய மருத்துவரும் அவருடைய குழுவினரும் நாய்களின் கரோனரி குழாயைச் சிறிது சிறிதாக இறுக்கி இதை அளந்து காட்டினார்கள். விட்டம் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறுகும்வரை ஓய்வுநிலை ஓட்டம் அநேகமாகக் குறையவில்லை. கூடுதல் இரத்தம் தேவைப்படும்போது தரும் திறனோ அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. பாதிக்கு மேல் அடைத்த குழாயோடு ஒருவர் என் கட்டிலில் படுத்திருந்தால், சுவர்கள் எல்லாம் அழகாக அசையும். நானும் நார்மல் என்றுதான் எழுதுவேன். அவர் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு நேராகப் பாரம் தூக்கப் போவார்.

அதென்ன பாரத்துக்கு மட்டும் தனிப் பேச்சு என்று கேட்கலாம். “நான் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், ஒன்றும் செய்வதில்லை” என்பார்கள். நடையும் ஓட்டமும் வேறு, அசையாமல் இறுக்கிப் பிடித்து நிற்பது வேறு. நடக்கும்போது தசை சுருங்கி விரிகிறது, இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன, மேல் அழுத்தம் கூடினாலும் கீழ் அழுத்தம் பெரிதாக நகர்வதில்லை. ஒரு பொருளை அசையாமல் பிடித்து நிற்கும் ஐசோமெட்ரிக் உழைப்பில் இரண்டுமே ஏறும். பிடியில் இருக்கும் தசை, “எனக்கு இரத்தம் போதவில்லை” என்று நரம்பு வழியாக மேலே முறையிடுகிறது. 1937இலேயே கெய்ரோவில் ஆலம், ஸ்மிர்க் இருவரும் இதைக் காட்டிவிட்டார்கள். உழைத்த தசையின் இரத்த ஓட்டத்தைப் பட்டை கட்டி நிறுத்தி வைத்தால், உழைப்பு நின்ற பிறகும் இரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கிறது. பட்டையை அவிழ்த்தால்தான் இறங்குகிறது.

எவ்வளவு ஏறும் என்று கேட்டால், கனடாவில் 1985இல் மக்டூகல் குழுவினர் அனுபவமுள்ள பாடிபில்டர்களின் கைத்தமனிக்குள்ளேயே குழாய் செருகி அளந்த எண்களைச் சொல்வேன். இரு கால்களாலும் பாரத்தைத் தள்ளும்போது சராசரி 320/250. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. அச்சுப்பிழை இல்லை. உங்கள் வீட்டுக் கருவியில் அந்த எண்ணுக்கு இடமே கிடையாது. அதில் ஒரு பங்கு மூச்சை அடக்கி முக்குவதால் வந்தது. அவர்கள் இளைஞர்கள், பழகியவர்கள். ஓய்விலேயே 170 வைத்திருப்பவர் எங்கிருந்து ஏறத் தொடங்குகிறார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பாரத்தின்போது இதயத்தைப் பார்க்க வழி இருக்கிறதா? இருக்கிறது. கைப்பிடி டைனமோமீட்டர் என்று ஒரு சிறு கருவி. முதலில் முழு பலத்தோடு ஒருமுறை அழுத்தச் சொல்வோம். பிறகு அதில் ஏறக்குறைய 30 விழுக்காட்டில் மூன்று முதல் ஐந்து நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஒருவர் வலக்கையால் பிடித்திருப்பார், இடக்கையில் பி.பி. பட்டை, நெஞ்சில் எக்கோ கருவி. கேட்கச் சுலபமாக இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும்போது தெரியும்.

இதில் எங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ட்ரெட்மில்லில் ஓடிவிட்டு வருபவரைக் கட்டிலில் சாய்த்து ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாக் கோணங்களையும் பிடித்தாக வேண்டும். மூச்சிரைப்பில் நுரையீரல் வந்து படத்தை மறைக்கும். கைப்பிடியில் நெஞ்சு அசையாது, உழைப்பு நடக்கும்போதே படம் எடுக்கலாம். ஒரு தொல்லையும் உண்டு. பாதிப் பேர் அழுத்தும்போது தம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது பார்ப்பது பிடியின் விளைவா, முக்கலின் விளைவா என்று தெரியாமல் போய்விடும். அதனால் அவர்களிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். பேசுகிறவர் மூச்சை அடக்க முடியாது.

நல்ல இதயம் இந்தச் சுமையைப் பெரிய ஆரவாரமில்லாமல் தாங்கிக்கொள்ளும். துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியேற்றும் இரத்தமும் கூடும், இ.எஃப். பெரிதாக நகராது. சிரமத்தை மறைத்து வைத்திருக்கும் இதயத்தில் இ.எஃப். சரியும், அல்லது சுவரின் ஒரு துண்டு அசைவில் பின்தங்கும், அல்லது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மிட்ரல் வால்வில் ஓய்வின்போது துளியாக இருந்த கசிவு திடீரென்று பெரிதாகும். இ.எஃப். அப்படியே இருந்தும், இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளர் முறையில் பார்த்தால் கீழறையை நிரப்பும் அழுத்தம் ஏறியிருக்கும். “மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஆனால் எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்” என்று மருத்துவமனை மருத்துவமனையாக அலையும் ஐம்பது வயதுப் பெண்கள் பலருக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது.

சக மருத்துவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. தசை சுருங்கும் அளவைக் காட்டும் ஸ்ட்ரெயின் எண் பிடியின்போது இறங்கியது என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். இதயம் எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தம் ஏறினால் நல்ல இதயத்திலும் அது சற்று இறங்கும். அந்த நிமிடத்தின் பி.பி.யை அருகில் எழுதாத ஸ்ட்ரெயின் எண்ணை வைத்து நான் என்ன செய்வது?

இதைப் படித்துவிட்டு எல்லோரும் கைப்பிடி எக்கோ கேட்டு வரிசையில் நிற்க வேண்டாம். அடைப்பைத் தேட இது போதாது. இதயத் துடிப்பு இதில் அவ்வளவாக ஏறுவதில்லை. அடைப்பைத் தேட, ட்ரெட்மில்லில் ஓடவைத்தோ, துடிப்பைக் கூட்டும் டோபுடமின் மருந்து கொடுத்தோ எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோதான் வழி. இதயத்தின் நடுச்சுவர் தடித்து வெளியேறும் வழியை மறிக்கும் பரம்பரை நோயில் கைப்பிடி நேரெதிராக ஏமாற்றும். பிடியின்போது அந்த மறிப்பு குறைந்து காட்டும், முக்கினால் கூடும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், எந்தச் சோதனை என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம்.

இன்னொரு வகையினர் எக்கோவில் சுவர் தடிப்பைக் காட்டினால், “அது ஜிம் இதயம் சார், விளையாட்டு வீரர்களுக்கு அப்படித்தான் இருக்குமாம்” என்பார்கள். 1975இல் மார்கன்ராத்தும் சகாக்களும் எக்கோ வைத்துப் பார்த்தபோது மல்யுத்த வீரர்களுக்கும் இரும்புக் குண்டு எறியும் வீரர்களுக்கும் சுவர் தடித்திருந்தது உண்மைதான். அவர்கள் போட்டியாளர்கள். ஆறு மாதம் மாலையில் போய் வந்த உங்களுக்கு 14 மில்லிமீட்டர் சுவர் ஜிம்மால் வராது. பி.பி.யைப் பாருங்கள். பயிற்சியாளர் போட்ட ஊசி என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஊசி தோளை மட்டும் வளர்த்துவிட்டு இதயத்தை விட்டுவைக்காது.

பயந்துபோய் உடற்பயிற்சியை நிறுத்திவிடுபவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். அதே ஐசோமெட்ரிக் பயிற்சி, வாரக்கணக்கில் முறையாகச் செய்தால் ஓய்வுநிலை இரத்த அழுத்தத்தை இறக்குகிறது. 270 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2023இல் பிரிட்டனின் விளையாட்டு மருத்துவ இதழில் வந்த அலசலில், நடை, ஓட்டம், எடைப்பயிற்சி எல்லாவற்றையும்விட இதற்குத்தான் இறக்கம் அதிகம்: மேல் அழுத்தத்தில் சராசரி 8 புள்ளிக்குச் சற்று மேல், கீழ் அழுத்தத்தில் 4. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் உட்கார்ந்த நிலையில் இரண்டு நிமிடம், நடுவில் ஓய்வு, இப்படி நான்கு முறை, வாரம் மூன்று நாள். ஆனால் அதற்கு முன் பி.பி. கட்டுக்குள் இருக்க வேண்டும். ஓய்விலேயே 180/110ஐத் தாண்டினால் அன்றைக்குச் சுவரும் வேண்டாம், டம்பெல்லும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். வாய்விட்டு எண்ணுங்கள், வெட்கமாக இருந்தால் முணுமுணுங்கள். பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கச் சொல்லும் பொடியின் பின்பக்கத்தில் காஃபீன் எவ்வளவு என்று படியுங்கள். பி.பி. மாத்திரையை “இப்போதுதான் உடற்பயிற்சி செய்கிறேனே” என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த ஜவுளிக்கடைக்காரர் செய்ததும் அதுதான். பெருந்தமனி விரிந்திருக்கிறது என்று எக்கோவில் எழுதியிருந்தால், இ.எஃப். எவ்வளவு அழகாக இருந்தாலும் இதய மருத்துவர் சொல்லும்வரை பாரம் கூடாது.

அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். ஜிம்முக்குப் போகிறவரின் இதயத்தைப் பற்றி வீடே பேசுகிறது. இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பதும், நிறைகுடத்தை இடுப்பில் வைத்துப் படியேறுவதும், கிரைண்டர் கல்லை எடுத்துக் கழுவுவதும் நீங்கள். அதுவும் பாரம்தான், அதிலும் பி.பி. ஏறும். அந்த நேரத்தில் நெஞ்சு அடைத்தாலோ கண் இருட்டினாலோ, “வேலை செய்தால் வரும், உட்கார்ந்தால் போய்விடும்” என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வாக்கியத்தை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது.

எக்கோவுக்கு அனுப்பும் மருத்துவர்களே, சீட்டில் ‘செக்கப்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதி அனுப்பாதீர்கள். அவர் மூட்டை தூக்குபவரா, தறி ஓட்டுபவரா, ஜிம்மில் சேரப் போகிறவரா, எந்த வேலையின்போது என்ன செய்கிறது என்று ஒரு வரி போடுங்கள். அந்த வரி இருந்தால், கட்டிலுக்கு அருகில் டைனமோமீட்டரை எடுத்து வைப்பதா, ட்ரெட்மில்லுக்கு அனுப்புவதா என்று அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் முடிவு செய்துவிடலாம்.