சாய்ந்தது வீடா, கேமராவா?

ஆம்ஸ்டர்டாமின் டாம்ராக் நீர்க்கரையில் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒல்லி வீடுகளுக்கு ‘நடனமாடும் வீடுகள்’ என்று பெயர். ஒன்று பக்கத்து வீட்டின் தோளில் சாய்ந்திருக்கும். இன்னொன்று தெருவை எட்டிப் பார்க்கும். கிட்டே நின்று படமெடுத்தால், எல்லாம் சேர்ந்து மல்லாந்து விழப்போவதுபோல் பதியும். முதல் இரண்டு சாய்வும் வீட்டுடையவை. மூன்றாவது கேமரா செய்த வேலை.

உச்சியும் படத்தில் வரவேண்டுமென்று கேமராவை அண்ணாந்து பிடிக்கிறோம். சுவரும், கேமராவுக்குள் படத்தைப் பதியும் தட்டையான சென்சாரும் இணையாக இருக்கும்வரை செங்குத்துக் கோடுகள் படத்திலும் இணையாகவே விழும். அண்ணாந்தால் சென்சாரும் சாய்கிறது. சுவரின் உச்சி அடிப்பகுதியைவிடச் சிறுத்துப் பதிகிறது. தண்டவாளம் தூரத்தில் குவிவதுபோல் சுவரின் இரு ஓரங்களும் மேலே குவிகின்றன. நேரில் பார்க்கும்போதும் இப்படித்தான். ஆனால் தலை அண்ணாந்திருப்பது மூளைக்குத் தெரியும், கணக்கில் கழித்துவிடும். கையிலிருக்கும் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதற்கென்றே, கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ‘ஷிஃப்ட் லென்ஸ்’ இருக்கிறது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். கால்வாயின் எதிர்க்கரைக்குப் போய் நிற்பது செலவில்லாத வழி.

எட்டிப் பார்க்கும் வீடுகள் தவறிச் சாய்ந்தவை அல்ல. உள்ளே படிக்கட்டு குறுகலானது, ஏணிபோல் செங்குத்தானது. அதில் பீரோ ஏறாது. அதனால் முகப்பின் உச்சியில் ஓர் உத்தரம் நீட்டி, கொக்கி மாட்டி, கயிற்றில் கட்டிச் சன்னல் வழியாக ஏற்றுவார்கள். மூட்டை சுவரில் உரசாமல் இருக்கவே முகப்பை முன்னால் சாய்த்துக் கட்டினார்கள். கொக்கியிலிருந்து தொங்கும் கயிறே கொத்தனாரின் தூக்குக்குண்டு: கீழே வர வர அது சுவரைவிட்டு விலகுவதைப் பக்கவாட்டில் நின்றால் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், முகப்பு 2 டிகிரி முன்சாய்ந்திருந்தால், கேமராவை 2 டிகிரி அண்ணாந்து பிடிக்கும்போது சுவரும் சென்சாரும் இணையாகிவிடும். கோடுகள் குவியவே குவியாது!

பக்கவாட்டுச் சாய்வு மண்ணின் கதை. நகரத்தின் அடியில் சதசதப்பான கரிமண். சுமார் 12 மீட்டர் ஆழத்து மணல் அடுக்கைத் தொடும்படி மரக்கம்பங்களை அடித்து, அவற்றின் மேல்தான் பழைய வீடுகளைக் கட்டினார்கள். 1648இல் கட்டத் தொடங்கிய நகர மண்டபம், இன்றைய அரண்மனை, 13,659 கம்பங்கள்மீது நிற்பதாகக் கணக்கு. நீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாததால் பூஞ்சை மரத்தை அண்டாது. நிலத்தடி நீர் இறங்கிக் கம்பத்தின் தலை காற்றுப் பட்டால் மரம் உளுத்துப்போகும். ஒரு பக்கத்துக் கம்பங்கள் மட்டும் தளர்ந்தால் வீடு அந்தப் பக்கம் சாயும். சன்னல் சட்டங்கள்கூட இணைகரமாகக் கோணிக்கொள்ளும்.

கைபேசியின் தானியங்கித் திருத்தம் ஏமாறுவது இங்கேதான். கோணலான கதவு, சன்னல்களை நம்பிப் படத்தைச் சுழற்றினால் வீடு நிமிர்ந்துவிடும், தெருவிளக்கு சாய்ந்துவிடும். அத்தகைய வீட்டின் அடியில் டெல்ஃப்ட் நீலப் பீங்கான் விற்கும் கடை ஒன்று இருந்தால் எனக்குக் கவலையில்லை. கதவு எப்படிக் கோணியிருந்தாலும், தட்டும் கிண்ணமும் உருளாமலிருக்கக் கடைக்காரர் அலமாரிக்கு முட்டுக் கொடுத்து ரசமட்டம் பார்த்துத்தான் வைத்திருப்பார். அலமாரிக்கு நேரெதிரே நின்று, அந்தப் பலகையைக் கிடைக்கோடாக வைத்துக்கொண்டு படத்தை நிமிர்த்துவேன்.