மவுல்வுர்ஃப்: வாயால் தோண்டாத விலங்கின் பெயரில் வாய் ஏன்?

ஜெர்மன் மொழியில் அகழெலிக்கு 'மவுல்வுர்ஃப்' என்று பெயர். 'மவுல்' என்றால் விலங்கின் வாய். 'வுர்ஃப்', வீசுதலைக் குறிக்கும் 'வெர்ஃபன்' என்ற வினையோடு சேர்ந்தது. அப்படியே பிரித்துப் படித்தால் 'வாயால் மண்ணை வீசுவது'. ஆனால் அகழெலி மண்ணை அள்ளித் தள்ளுவது முன்னங்கால்களால்தான். வெளிப்பக்கம் திரும்பிய அகன்ற கால்கள் அவை. ஐந்து விரல்களுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் போல வளைந்த எலும்பு ஒன்று கூடுதலாக இருந்து, உள்ளங்கையை மேலும் அகலமாக்குகிறது.

பழைய உயர் ஜெர்மனில் (சுமார் 750–1050) இந்தச் சொல் 'மூவெர்ஃப்' என்று இருந்தது. 'மூ' என்றால் குவியல். பழைய ஆங்கிலத்தின் 'மூகா' இதன் உறவுச்சொல். புல்வெளியில் மண்மேடு எழுப்பும் விலங்குக்கு மிகப் பொருத்தமான பெயர். 'மூ' தனிச்சொல்லாக வழக்கொழிந்ததும் பெயரின் முன்பாதி புரியாமல் போனது. புரியாத இடத்தில், ஒலியிலும் பொருளிலும் நெருங்கி வரும் வேறொரு சொல்லைப் பேசுபவர்கள் தம்மை அறியாமலே பொருத்திவிடுவார்கள். இங்கே பொருந்தியது மண்ணைக் குறிக்கும் 'மொல்ட்டெ'. 'மொல்ட்வெர்ஃப்', மண்ணை வீசுவது. பொருள் இன்னும் கெடவில்லை. டேனிஷ் மொழியின் 'முல்ட்வார்ப்' இதே அமைப்புதான். பின்னர் 'மொல்ட்டெ'யும் மங்கியது. வாயைக் குறிக்கும் 'மூல்' உள்ளே வந்தது. நெடில் 'ஊ' பிற்காலத்தில் 'அவு' ஆனபோது 'ஹூஸ்' (வீடு) 'ஹவுஸ்' ஆனது போலவே 'மூல்' 'மவுல்' ஆயிற்று. முன்பாதி இருமுறை மாறியும் பின்பாதி நிலைத்ததற்குக் காரணம் எளிது: 'வெர்ஃபன்' இன்றும் அன்றாட வினை.

ஆகவே ஒரு கூட்டுச்சொல்லை இன்றைய வடிவத்தை மட்டும் வைத்துப் பிரிக்கக் கூடாது. மிகப் பழைய வடிவத்தைத் தேட வேண்டும், உறவு மொழிகளோடு ஒப்பிட வேண்டும். எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஒலிமாற்ற விதியைத்தான். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் 'ஃப்ரீட்ஹோஃப்' என்ற சொல்லைப் பாருங்கள். 'ஃப்ரீடெ' என்றால் அமைதி என்பதால் 'அமைதி முற்றம்' என்று சட்டென்று தோன்றும். இடைக்கால வடிவமோ, தேவாலயத்தைச் சுற்றி அடைக்கப்பட்ட முற்றத்தைக் குறித்த 'வ்ரீட்ஹோஃப்'. அதிலுள்ள நெடில் 'ஈ' விதிப்படி 'அய்' ஆகி, இன்று 'ஃப்ரைட்ஹோஃப்' என்றுதான் வந்திருக்க வேண்டும். 'ஃப்ரீடெ' குறுக்கிட்டு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. விதிப்படி வந்த 'ஃப்ரைட்ஹோஃப்' பவேரிய, ஆஸ்திரிய வட்டாரப் பேச்சில் இன்றும் கிடைக்கிறது.