ரேடியோ சிப்புக்குள் ஒரு மணி

கிதார் கம்பியைத் தட்டினால் மணியோசை வருகிற ரிங் மாடுலேட்டர் பெடலில் இருப்பது ரேடியோ சிப்தானா என்று ஒரு வாசகர் கேட்கிறார். பல பெடல்களில் அதுதான். மோட்டரோலாவின் எம்சி1496, கேரியர் அலைமேல் (குரலைச் சுமந்து செல்லும் அலை) குரலை ஏற்றுவதற்காக வந்த சிப். அதற்குத் தெரிந்த ஒரே வித்தை பெருக்கல்.

440 ஹெர்ட்ஸ் சுரத்தை 300 ஹெர்ட்ஸ் கேரியரால் பெருக்கினால் 740, 140 கிடைக்கும் (பிளஸ் ஒன் திரிகோணவியல்தான்). அதே சுரத்தோடு 880-ல் ஒலிக்கும் ஹார்மோனிக் (இரட்டை மடங்கு ஓசை) 1180, 580 ஆகிவிடும். இவற்றில் எதுவும் 140-ன் மடங்கு இல்லை. மணியின் நாதமும் இப்படி மடங்குக்குள் அடங்காதது என்பதால் காது உலோகம் என்று நம்பிவிடுகிறது.

உள்ளே நடப்பது அழகு. கீழே இரண்டு டிரான்சிஸ்டர்கள், தலா 1 மில்லிஆம்பியர். கிதார் சிக்னல் ஒன்றில் கூட்டி மற்றதில் குறைக்கிறது. மேலே நான்கு டிரான்சிஸ்டர்கள், கலெக்டர்கள் (வெளியீட்டுக் கால்கள்) குறுக்காகக் கட்டப்பட்டவை. கேரியர் திசை மாறும்போதெல்லாம் கீழிருந்து வரும் இரண்டு மின்னோட்டங்களும் வாசல் மாற்றிக்கொள்கின்றன. கிதார் மௌனமாக இருந்தால் இரண்டும் சமம். எந்த வாசலில் போனாலும் வெளியே அதே 1 மில்லிஆம்பியர். கேரியர் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது! இந்தச் சமநிலை இம்மி பிசகினாலும் வாசிக்காதபோது 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம் கேட்கும்.

டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) உள்ள சர்க்யூட்டை அப்படியே கட்டினால் வேலைக்கு ஆகாது. கேரியர் நுழைவில் அதிலுள்ள 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 51 ஓம் ரெசிஸ்டர் ஜோடி 31 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். ரேடியோவுக்குச் சரி, நம் 300 ஹெர்ட்ஸ் நூற்றில் ஒன்றாகிவிடும். 10 மைக்ரோஃபாரட், 1 கிலோஓம் போடுங்கள். வெட்டு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கேரியர் நுழையும் 8, 10 என்ற இரண்டு பின்னுக்கும் (சிப்பின் கால்கள்) தனித்தனி 1 கிலோஓம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் டிரான்சிஸ்டரின் நுழைவுக் காலான பேஸ் இழுக்கும் மின்னோட்டத்தால் சில மில்லிவோல்ட் சாய்ந்து, கிதார் அப்படியே கசியும்.

ஒற்றை 9 வோல்ட் பேட்டரி போதாது. மாடிமேல் மாடியாக அடுக்கிய டிரான்சிஸ்டர்களுக்கு இடையே 2.7 வோல்ட்டாவது இடைவெளி வேண்டும். இரண்டு பேட்டரி வைத்து ±9 கொடுங்கள். 8, 10 பின்களை 3 வோல்ட்டில் நிறுத்துங்கள். பின் 5-லிருந்து கிரவுண்டுக்கு 7.5 கிலோஓம், வெளியீடுகளுக்குத் தலா 3.9 கிலோஓம். பிக்கப்புக்கும் (கம்பி அதிர்வை மின்சிக்னலாக்கும் கிதார் உறுப்பு) சிப்புக்கும் நடுவே 1 மெகாஓம் நுழைவுள்ள டிஎல்072 பஃபர் (பிக்கப்புக்குச் சுமை ஏற்றாத இடைநிலை ஆம்ப்) இல்லையென்றால் ஓசை செத்துவிடும். கேரியரைச் சில பத்து மில்லிவோல்ட்டோடு நிறுத்துங்கள். தாண்டினால் அது சதுர அலையாகி, 900, 1500 ஹெர்ட்ஸும் பெருக்கலில் சேர்ந்து கரகரக்கும்.

பழைய மோட்டரோலா சிப்புக்குத் தனி 'மந்திரம்' உண்டென்று கூடுதல் விலை கேட்பார்கள். அதே அமைப்பு, அதே பெருக்கல். காசை, மேலே சொன்ன சமநிலையைத் திருத்தும் நல்ல பல-சுற்று டிரிம்பாட்டுக்கு (திருகித் திருத்தும் குட்டி ரெசிஸ்டர்) செலவிடலாம். உலோகக் குடுவை வடிவில் கிடைத்தால் கவனம்: அதில் 10 கால்கள்தான், இங்கே சொன்ன 14 கால் எண்கள் பொருந்தா.

டிரிம்பாட்டைச் சரிசெய்ய, ஆன் செய்து பத்து நிமிடம் சூடாக விட்டு, கம்பிகளைக் கையால் அமுக்கிக்கொண்டு ரீங்காரம் அடங்கும்வரை திருப்புங்கள். சூடாகும் முன் திருப்பினால் பாதி வாசிப்பில் திரும்ப வந்துவிடும்.