ஸ்காஃபோல்டிங்: சாரமா, கைத்தாங்கலா?

சிறப்புத் தேவையுள்ள தொடக்கப்பள்ளிக் குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் பத்து நிமிடம் பேசினால் 'ஸ்காஃபோல்டிங்' என்ற சொல் இரண்டு தடவையாவது வந்துவிடும். குழந்தைக்கென்று எழுதும் தனிக் கல்வித் திட்டத்திலும் அது இருக்கும், பள்ளி விட்டபிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான பயிற்சியிலும் இருக்கும். கேட்பவர்களில் பலர் 'ஓ, உதவி செய்வதுதானே' என்று கடந்துவிடுவார்கள். உதவிக்கு நம்மிடம் சொல் இருக்கிறதே, பிறகு எதற்கு இன்னொன்று? இரண்டும் ஒன்றில்லை என்பதால்தான். குழந்தை தானாகச் செய்யும்வரை தேவையான அளவுக்கு மட்டும் தாங்கி, பிறகு விலகிக்கொள்வதுதான் ஸ்காஃபோல்டிங்.

'ஸ்காஃபோல்ட்' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். உயர்த்திக் கட்டிய மேடை என்பது அதன் பழைய பொருள். வேடிக்கை பார்ப்பவர்கள் உட்காரக் கட்டிய மேடையையும் சொன்னார்கள், தலை வெட்டும் மேடையையும் சொன்னார்கள். தூக்குமேடைக்கு இன்றும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். (வீட்டுப்பாடத்தை விரித்து வைத்ததும் சில பிள்ளைகளின் முகம் போகிற போக்கைப் பார்த்தால், அவர்களுக்கு இந்தப் பொருள்தான் முதலில் எட்டியிருக்கிறது என்று தோன்றும்.) கட்டடம் எழும்பும்போது அதைச் சுற்றிக் கட்டும் சாரத்துக்கும் அதே பெயர் வந்தது. கல்விக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்தச் சாரத்தை.

கல்வியில் இந்த உவமையை நிலைநிறுத்தியது 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை. மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 30 பேர். 21 மரக்கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒரு பிரமிடு செய்ய வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தேவைப்படும் அளவுக்கு மட்டும் சொல்லித்தருவார். அந்த 'அளவுக்கு மட்டும்' என்பதைத்தான் மூவரும் உற்றுப் பார்த்தார்கள். வேலையின் மேல் குழந்தைக்கு ஆசை வரவைப்பது, கைக்கு அடங்கும் அளவுக்கு வேலையைச் சுருக்கித் தருவது, கவனம் சிதறாமல் பார்த்துக்கொள்வது, எது முக்கியம் என்று சுட்டுவது, செய்துகாட்டுவது என்று சொல்லித்தருபவரின் வேலையைப் பிரித்துக் காட்டினார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: குழந்தைக்கு வரும் எரிச்சலைத் தணிப்பது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளிடம் பாதி நேரம் இந்த ஒரு வேலைக்கே போய்விடும்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியின் பெயரை இந்தச் சொல்லோடு சேர்த்துச் சொல்வதுண்டு. தனியாகச் செய்ய முடியாததை, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் குழந்தை செய்துவிடும், கற்பித்தல் அந்த இடைவெளியில்தான் நடக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. உடற்குறையுள்ள பிள்ளைகளின் கல்வியிலும் அவர் நிறைய உழைத்தவர். ஆனால் அவர் 1934இலேயே இறந்துவிட்டார். சாரம் என்ற உவமை பின்னால் வந்தவர்கள் கட்டியது.

சரி, உவமை ஏன் ஒட்டிக்கொண்டது? சாரம் கட்டடத்துக்கு வெளியே நிற்கிறது. வேலை நடக்கும் இடத்தில் மட்டும் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டும்போதே அவிழ்க்கப்போகிறோம் என்று தெரிந்து கட்டுவது. கட்டடம் முடிந்தபிறகும் சாரம் நின்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? எங்கேயோ விரிசல் என்றுதானே. குழந்தையின் பக்கத்தில் ஒரு பெரியவர் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருந்தாலும் வகுப்பிலுள்ள மற்ற பிள்ளைகள் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. மைக்கேல் ஜியாங்ரெகோவும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கென்று வகுப்பில் அமர்த்திய உதவியாளர்கள் ஓயாமல் அருகிலேயே இருப்பதால் என்ன ஆகிறது என்று பார்த்தது. குழந்தை சக பிள்ளைகளிடமிருந்து விலகிப்போகிறது, பெரியவரையே சார்ந்திருக்கப் பழகுகிறது, வகுப்பாசிரியரும் 'அதற்குத்தான் ஆள் இருக்கிறதே' என்று பொறுப்பைத் தள்ளிவிடுகிறார். பிறகு இங்கிலாந்தில் உதவி ஆசிரியர்களைப் பற்றி நடந்த பெரிய ஆய்வில், உதவி அதிகம் கிடைத்த மாணவர்கள் அதே நிலையிலுள்ள மற்றவர்களைவிடப் படிப்பில் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். உதவியாளர்கள் கெட்டவர்கள் என்பதில்லை. வேலையை முடித்துக் கொடுப்பதில் அவர்கள் கவனம் போயிருந்தது, கற்றுக்கொள்வதில் போகவில்லை. முறையான தயாரிப்பும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே இப்படிப் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்கும் வேலைக்கு வருபவரிடம் 'குழந்தைகள் என்றால் உயிர்' என்ற குணத்தை மட்டும் தேடினால் போதாது. அது வேண்டும்தான். ஆனால் அந்தப் பாசமே கையை முந்திக்கொண்டு நீட்டவைக்கும். நான் முதலில் பார்ப்பது, அவருக்குச் சும்மா இருக்கத் தெரியுமா என்பதை. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகவும் தெளிவாகவும் வந்தன. கேட்டதை உள்வாங்கவே நேரம் பிடிக்கும் குழந்தைக்கு மூன்று நொடியும் போதாது. பத்து வரை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். அந்த நீளத்தில் வாயை மூடிக்கொண்டு, முகத்தில் அவசரமும் காட்டாமல் உட்கார்ந்திருப்பது ஒரு திறமை. பழகினால் வரும்.

அடுத்தது கண். மேல்சட்டையின் ஜிப்பைப் போடத் தெரியாத குழந்தை என்று வைத்துக்கொள்வோம். 'தெரியாது' என்று குறித்துவைப்பது சுலபம். எந்த இடத்தில் தெரியவில்லை? கீழ்முனையைக் கோக்கும் இடத்திலா, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுக்கும் இடத்திலா? அது தெரிந்தால் சாரத்தை அந்த இடத்தில் மட்டும் கட்டலாம். கோத்து, முக்கால்வாசி மேலே ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பைக் குழந்தையிடம் விடுவார்கள். அது கைவந்ததும் பாதியிலிருந்து, அப்புறம் கால்வாசியிலிருந்து. முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகும் முறை இது. இதில் ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தவர் குழந்தைதான்.

பள்ளி விட்டபிறகான நேரத்துக்கு இதே சொல் கொஞ்சம் வேறு பொருள் தருகிறது. நாள் முழுக்கச் சத்தத்தையும் கூட்டத்தையும் பொறுத்துக்கொண்டு, அடக்கி அடக்கி இருந்த குழந்தை வாசலைத் தாண்டியதும் உடைந்துபோகலாம். பையைத் தூக்கி எறியும், ஒன்றுமில்லாததற்கு அழும். 'பள்ளியில் நன்றாகத்தானே இருந்தான்' என்பார்கள். நன்றாக இருந்ததற்கான விலையை இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறான். அந்த அரைமணி நேரத்தில் சாரம் என்பது பாடத்தில் இல்லை. குறைந்த பேச்சு, மங்கலான வெளிச்சம், அடுத்து என்ன என்று காட்டும் நான்கைந்து படங்கள், இவ்வளவே. வகுப்பில் பயன்படுத்தும் அதே படங்களாக இருந்தால் நல்லது. காலையில் ஒரு சைகை, மாலையில் வேறு சைகை என்றால் குழந்தை இரண்டு மொழி கற்க வேண்டியிருக்கும். இதற்காக வகுப்பாசிரியரோடு பேசிக்கொள்வதும் இந்த வேலைக்கான குணங்களில் சேர்த்தி. தனக்கு எல்லாம் தெரியும் என்பவர் கேட்கமாட்டார்.

இனி தமிழ்ச் சொல். நேர்ச்சொல் 'சாரம்'தான், கட்டட வேலையில் வழங்குவதும் அதுவே. காதுக்கும் அதில் ஒரு 'சார்பு' கேட்கிறது, பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'கற்றல் சாரம்' என்று எழுதினால் படிப்பவர் 'கற்றலின் பிழிவு' என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க 'சாரக்கட்டு' என்று எழுதலாம். கட்டுரைக்கும் பாடநூலுக்கும் அது தாங்கும். ஒரு அம்மாவிடம் 'உங்கள் மகளுக்குச் சாரக்கட்டு தருகிறோம்' என்று சொல்லிப் பாருங்கள், பயந்துபோவார்.

'ஊன்றுகோல்' அழகான சொல். வழுக்கும் நிலத்தில் ஊற்றுக்கோல் போல என்று குறளிலேயே (415) வருகிறது. ஆனால் ஊன்றுகோல் பிடித்தவர் அதைத் திருப்பிக் கொடுப்பதாக யாரும் நினைப்பதில்லை. 'கொழுகொம்பு' என்றால் கொடி வாழ்நாள் முழுக்க அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். 'முட்டுக்கொடுத்தல்' சரிந்துவிழப்போகும் சுவருக்கு, போதாததற்கு இப்போது வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. 'நடைவண்டி' கிட்டத்தட்ட வந்துவிடுகிறது: நடக்கப் பழகும்வரை தள்ளும், பழகியதும் ஒதுக்கிவிடும். ஆனால் அது எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு வண்டி, பார்த்து மாற்றும் கண் அதற்கு இல்லை.

எனக்குப் பிடித்தது 'கைத்தாங்கல்'. கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள் என்கிறோம். அதில் தாங்குபவர் உண்டு, ஆனால் நடப்பவர் தன் காலில்தான் நடக்கிறார். தூக்கிக்கொண்டு வருவதற்கும் கைத்தாங்கலாக அழைத்து வருவதற்கும் உள்ள தூரம்தான் உதவிக்கும் ஸ்காஃபோல்டிங்குக்கும் உள்ள தூரம். நடப்பவர் எவ்வளவு சாய்கிறாரோ அவ்வளவுதான் கை தாங்கும். நோயாளியின் வாடை கொஞ்சம் அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். புழங்கப் புழங்கப் போய்விடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லில்தான் தமிழ் நம்மைச் சோதிக்கிறது. உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதை 'ஃபேடிங்' என்கிறார்கள். கையைப் பிடித்துச் செய்யவைப்பதிலிருந்து முழங்கையைத் தொடுவதற்கு, அதிலிருந்து விரலால் சுட்டுவதற்கு, பிறகு ஒரு பார்வைக்கு. கை தாங்கியவர் கையை விடுவதுதான் இது. ஆனால் 'கைவிடல்' என்று எழுத முடியாது, அதற்கு நம் மொழியில் துரோகம் என்று பொருள். பிடித்த கையை விட்டால் கைவிட்டதாகவே அர்த்தம் கொள்ளும் மொழியில், விடுவதை நல்ல காரியமாகச் சொல்வது எப்படி? 'மங்குதல்' என்று சிலர் மொழிபெயர்ப்பார்கள், விளக்கு அணைவதுபோல் இருக்கிறது. 'பிடி தளர்த்தல்' பரவாயில்லை. தளர்த்துவது நாமாகச் செய்வது, வேண்டுமானால் மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் இறுக்கத்தான் வேண்டியிருக்கும்.

அன்றாடக் குறிப்பேட்டில் இவை எப்படி உட்காருகின்றன என்று எழுதிப் பார்த்தேன். 'காலணி: பட்டையை ஒட்ட மட்டும் கைத்தாங்கல். ஜிப்: பிடி தளர்த்தியாயிற்று, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வாசிப்பு: இரண்டாவது வரியில் எரிச்சல், நிறுத்திவிட்டோம்.' அகராதியைத் தேடாமல் அம்மாவுக்கும் புரியும், மறுநாள் காலை வகுப்பாசிரியருக்கும் புரியும்.