ஷாட்கன் வீடு: துப்பாக்கிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவின் தென்பகுதியில், நியூ ஆர்லியன்ஸ், ஹூஸ்டன் போன்ற ஊர்களில் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஒரு வகைச் சின்ன வீட்டுக்குத்தான் 'ஷாட்கன் ஹவுஸ்' என்று பெயர். மொத்த வீடும் ஓர் அறை அகலம்தான், சுமார் 12 அடி. நடைவழி கிடையாது. முன்னறையைக் கடந்தால் அடுத்த அறை, அதைக் கடந்தால் சமையலறை, அப்புறம் பின்வாசல்.

முன்வாசலில் நின்று சுட்டால் குண்டு எதிலும் படாமல் பின்வாசல் வழியாகப் போய்விடும், அதனால்தான் இந்தப் பெயர் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பெயருக்குப் பொருத்தமாகப் பிறகு கட்டிய கதை மாதிரியும் இருக்கிறது. 1970களில் ஜான் மைக்கேல் விளாக் என்ற நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர், சொல்லை விட்டுவிட்டு வீட்டின் அமைப்பைப் பிடித்துக்கொண்டு ஹைட்டிக்கும், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா இன மக்களின் வீடுகளுக்கும் போனார். 1809இல் ஹைட்டியைச் சேர்ந்த அகதிகள் கியூபா வழியாக ஆயிரக்கணக்கில் நியூ ஆர்லியன்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள், அவர்களோடு இந்த வீடும் வந்தது என்பது அவர் வாதம். பெயரே 'கூடும் இடம்' என்று பொருள்படும் 'டோகன்' என்ற ஆப்பிரிக்கச் சொல்லின் திரிபாக இருக்கலாம் என்றும் சொன்னார். இந்தச் சொல் விஷயம் நிரூபணமாகவில்லை. வீட்டமைப்பு பற்றிய வாதம்தான் எனக்குப் பலமாகத் தெரிகிறது.

ஓவியர் ஜான் பிகர்ஸ் 1924இல் பிறந்ததே அப்பா கட்டிய ஷாட்கன் வீட்டில்தான். ஹூஸ்டனில் தேர்ட் வார்டு என்ற பகுதியில் ஆசிரியராக இருந்தவர், 1957இல் மேற்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிவிட்டு வந்தார். பின்னாளில் அவர் வரைந்த ஓவியங்களில் இந்த வீடுகளின் முக்கோணக் கூரைகள் ஒட்டுத்துணிப் போர்வையின் கோலம் போல அடுக்கடுக்காக வரும், திண்ணையில் நிற்கும் பெண்கள் குட்டி வீடுகளைக் கையில் ஏந்தியிருப்பார்கள். ஏழைகளின் வீடு என்று மற்றவர்கள் ஒதுக்கியதை அவர் குலச்சொத்தாகப் பார்த்தார்.

அந்த ஓவியங்களைப் பார்த்து வளர்ந்த யோசனைதான், 1993இல் ரிக் லோ என்ற கலைஞரும் நண்பர்களும் அதே தேர்ட் வார்டில் கைவிடப்பட்டுக் கிடந்த 22 ஷாட்கன் வீடுகளை மீட்டுத் தொடங்கிய 'புராஜெக்ட் ரோ ஹவுசஸ்' என்ற கலைத் திட்டம். சில வீடுகளில் கலைப்படைப்புகள், சிலவற்றில் தனியாகக் குழந்தை வளர்க்கும் இளம் தாய்மார்கள். ஆனால் பேட்டைக்கு மதிப்புக் கூடினால் நிலத்தின் விலையும் கூடும், பழைய குடிகள் கிளம்ப வேண்டியதாகும் இல்லையா, அதனால் பக்கத்திலேயே குறைந்த வாடகை வீடுகளையும் கட்டினார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'துப்பாக்கி வீடு' வேண்டாம், அது அந்தக் குண்டுக் கதையை மட்டும் உறுதியாக்கிவிடும். 'வரிசை வீடு' என்றால் தெருவில் வீடுகள் நிற்கும் வரிசைதான் மனதில் வரும். இங்கே வரிசையாக இருப்பவை உள்ளே உள்ள அறைகள். 'தொடரறை வீடு' என்றே நான் எழுதப்போகிறேன். ஓவியத் தலைப்புகளில் வந்தால் மட்டும் ஷாட்கன் ஷாட்கனாகவே இருக்கட்டும்.