டேப்புக்கு அடியில் பெயின்ட் ஏன் கசிகிறது?

1944 ஜூன் மாதம் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்குவதற்குச் சற்று முன்பு, நேச நாட்டு விமானங்களின் இறக்கையிலும் உடம்பிலும் அவசர அவசரமாகக் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பூசினார்கள். மூன்று வெள்ளை, நடுவில் இரண்டு கறுப்பு. ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஒவ்வொரு பட்டையும் 18 அங்குல அகலம், இரட்டை எஞ்சினுக்கு 24. கீழே இருக்கும் சொந்தப் பீரங்கிக்காரர்களே தங்கள் விமானத்தை எதிரி என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். இப்போது நீங்கள் 1/48 அளவில் ஸ்பிட்ஃபயர் என்ற ஒற்றை எஞ்சின் போர் விமானத்தின் மாடல் ஒன்றைக் கட்டுகிறீர்கள் என்றால் அந்த 18 அங்குலம் 9.5 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும், 1/72-இல் 6.35. டெகல் எனும், தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படத்தை ஒட்டியும் இதை முடித்துவிடலாம். ஆனால் டெகல் படலத்துக்கு அடியில் சிக்கும் காற்று ஒளியைச் சிதறடித்து வெள்ளி மாதிரி மினுங்கும், பேனல் கோடுகள் (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் மெல்லிய பள்ளங்கள்) மேல் அது முழுதாகப் படியவும் படியாது. பெயின்டாக இருந்த ஒன்றைப் பெயின்டாகவே போடுவதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு மாஸ்க் வேண்டும்.

மாஸ்க் என்பது கேட்க எளிய விஷயம். பெயின்ட் படக் கூடாத இடத்தை டேப்பால் மூடு, அடி, உரி. ஆனால் உரித்த பிறகு கோட்டை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சில இடங்களில் கத்தி வெட்டு மாதிரி இருக்கும், சில இடங்களில் ரம்பப் பல் மாதிரி உள்ளே ஓடியிருக்கும். டேப்பை அழுத்தமாக ஒட்டவில்லை என்று பலரும் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான்.

எவ்வளவு அழுத்தினாலும் டேப்பின் ஓரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் அங்கங்கே சில மைக்ரான் இடைவெளி இருக்கத்தான் செய்யும். காகித இழைகள் சமமாக இருப்பதில்லை, அடியில் இருக்கும் பெயின்டும் வழவழப்பானது இல்லை. திரவப் பெயின்ட் அந்த இடைவெளியின் வாயைத் தொட்டதும் பள்ளிக்கூடத்தில் படித்த நுண்புழை நுழைவு தொடங்கிவிடும். பெயின்டின் பரப்பு இழுவிசை அதை உள்ளே இழுக்கிறது, இடைவெளி குறுகக் குறுக இழுப்பு கூடுகிறது. பெயின்டின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன், இடைவெளி 10 மைக்ரான் என்று வைத்துக் கணக்குப் போட்டால் உறிஞ்சும் அழுத்தம் சுமார் 6,000 பாஸ்கல் வரும், அதாவது 60 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். அரைகுறையாக அழுத்திய டேப் ஏன் அவ்வளவு ஆபத்தானது என்பது இதில் புரியும், பெயின்டை உள்ளே இழுக்கத் தோதான மெல்லிய சந்து அங்கேதான் உருவாகிறது. பேனல் கோட்டின் குறுக்கே டேப் போகும் இடம் இன்னும் மோசம். அந்தப் பள்ளத்தின் மேல் டேப் பாலம் போட்டு நின்றால் அடியில் ஒரு சுரங்கம் கிடைத்துவிடும், அதற்காகத்தான் பல்குத்தும் குச்சியின் முனையால் ஒவ்வொரு பள்ளத்திலும் டேப்பை இறக்கிவிடச் சொல்கிறார்கள்.

இழுப்பு இருந்தால் மட்டும் போதாது, ஓடுவதற்குப் பெயின்ட் திரவமாகவும் இருக்க வேண்டும். இப்படி ஊர்ந்து போகும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும், பாகுநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும். அதாவது பெயின்ட் நான்கு மடங்கு கெட்டியாக இருந்தால் அதே நேரத்தில் பாதித் தூரம்தான் போகும். ஏர்பிரஷ்ஷில், அதாவது காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் சிறு கருவியில், மெல்லிய பூச்சுகளாக அடிக்கச் சொல்வதன் அறிவியல் இவ்வளவுதான். துளிகள் காற்றில் பறந்து வரும்போதே பெயின்டை நீர்க்கவைக்கும் தின்னரின் ஒரு பகுதி ஆவியாகிவிடுகிறது, விழுந்த இடத்தில் அவை ஏறக்குறைய ஜெல்லியாகிவிடுகின்றன, சந்துக்குள் போகத் தெம்பு இருப்பதில்லை. ஒரே மூச்சில் ஈரமாக அடித்தால் ஓரத்தில் குளம் கட்டும், அந்தக் குளத்துக்கு உள்ளே போக நிறைய நேரம் கிடைக்கும். ஏர்பிரஷ்ஷை எந்தப் பக்கம் பார்த்துப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். டேப்பின் மேலிருந்து வெளிப்பக்கம் பார்த்து, இல்லையென்றால் நேர் செங்குத்தாக. ஓரத்தை எதிர்த்து அடித்தால் காற்றே பெயின்டைச் சந்துக்குள் தள்ளிவிடும்.

இதைவிட உறுதியான வழி ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். டேப் ஒட்டிய பிறகு புது நிறத்தை உடனே அடிக்காமல், ஏற்கெனவே அடியில் இருக்கும் நிறத்தையோ நிறமில்லாத கிளியரையோ ஓரத்தில் ஒருமுறை அடிக்க வேண்டும். கசியட்டும். கசிவது அடி நிறமே என்பதால் யாருக்கும் தெரியாது. அது சந்துக்குள் போய்க் காய்ந்து வழியை அடைத்துவிடும், அப்புறம் அடிக்கும் கறுப்புக்கு நுழைய இடமே இருக்காது. தடுக்க முடியாத ஒரு விசையைத் தடுக்கப் பார்க்காமல் அதையே வேலைக்கு வைத்துக்கொள்வது எவ்வளவு அழகான யோசனை!

சரி, டேப் எப்படி ஒட்டுகிறது? அதன் பசை ஒருபோதும் காய்வதில்லை, கெட்டியாவதுமில்லை. பாதி திரவமாகவும் பாதி ரப்பராகவும் நடந்துகொள்ளும் பொருள் அது. அழுத்தினால் மெதுவாக வழிந்து பரப்பின் நுண்ணிய மேடு பள்ளங்களில் இறங்கும், இறங்கிய இடங்களில் மூலக்கூறுகளுக்கு இடையேயான வான் டெர் வால்ஸ் விசை பிடித்துக்கொள்ளும். வழிவது ஒட்டிய கணத்தோடு நிற்பதில்லை. அதனால்தான் ஒட்டி இரண்டு நாள் விட்ட டேப், ஒட்டி ஒரு மணி நேரம் ஆன டேப்பைவிட முரட்டுத்தனமாகப் பிடிக்கிறது, உரித்தால் பசையை விட்டுவிட்டு வருகிறது, இல்லையென்றால் பெயின்டைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. அடித்து முடித்த அன்றே உரித்துவிடுங்கள்.

உரிக்கும் விதத்துக்கும் கணக்கு இருக்கிறது. டேப்பை 90 பாகையில் செங்குத்தாக இழுக்கத் தேவைப்படும் விசையில் பாதிதான், அதை முழுதாக மடித்து 180 பாகையில் தன் மேலேயே பின்னோக்கி இழுக்கும்போது தேவைப்படும். பெயின்டை மேலே தூக்கும் விசையும் அப்படிக் குறைகிறது. இன்னொன்று, இந்தப் பசை வேகத்துக்கு எதிர்ப்புக் காட்டும். வெடுக்கென்று இழுத்தால் ரப்பராகி விறைக்கும், மெதுவாக இழுத்தால் திரவமாகி இளகிக் கொடுக்கும். ஆக, மடித்து, மெதுவாக.

அப்படியும் பெயின்ட் டேப்போடு வந்தால் குற்றம் டேப்புடையது அல்ல. பசைக்கும் பெயின்டுக்கும் ஒரு பிடி, பெயின்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஒரு பிடி, இரண்டில் எது பலவீனமோ அது விட்டுக்கொடுக்கிறது. கிட்டில் வரும் பாலிஸ்டைரீன் பாகங்கள் மேல் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம், பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவினால் போய்விடும். லேக்கர் வகைப் பிரைமரில் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சில்) இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீனை லேசாக இளக்கி அதில் வேர்விடும், தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக்குகள் பெரும்பாலும் மேலே படலமாக மட்டும் உட்காரும். மாஸ்க் வேலை அதிகம் என்றால் அடியில் லேக்கர் பிரைமர் போட்டுக்கொள்வது நல்லது.

மாஸ்கிங் டேப்பின் கதை 1925-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், 3எம் நிறுவனத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூவிடம் தொடங்குகிறது. இரட்டை நிறக் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் அவர் அதை உருவாக்கினார். மாடல் கட்டுபவர்கள் இன்று விரும்புவது அந்தச் சொரசொரப்பான காகித டேப்பை அல்ல, ஜப்பானிய வாஷி காகிதத்தில் வரும் மெல்லிய மஞ்சள் டேப்பை. ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியா விற்பது இந்த வகைதான். மெல்லியதாக இருப்பதால் ஓரத்தில் பெயின்ட் ஏறி நிற்கும் வரப்பும் சிறியதாக இருக்கும். இது அற்பமான விஷயம் இல்லை, 30 மைக்ரான் பெயின்ட் வரப்பு 1/48 மாடலில் உண்மை விமானத்தின் 1.4 மில்லிமீட்டருக்குச் சமம்.

பட்டைக்கு வருவோம். ஐந்து பட்டைகளின் மொத்த அகலத்துக்கும் முதலில் வெள்ளை அடித்துக் காயவிட்டு, ஒரே அகலத்தில் வெட்டிய ஐந்து டேப்புகளை இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இரண்டாவதையும் நான்காவதையும் உரித்துவிட்டுக் கறுப்பு அடிக்க வேண்டும். அளவுகோல் வைத்து அளக்கும் வேலையே கிடையாது. இறக்கையில் இது அருமையாக வரும். உடம்பில் வராது. ஸ்பிட்ஃபயரின் பின்னுடம்பு வாலை நோக்கிக் கூம்பாகக் குறுகுகிறது, கூம்பைச் சுற்றி நேரான டேப்பை ஒட்டிக்கொண்டே போனால் அது புறப்பட்ட இடத்துக்கு வந்து சேராது, ஒரு பக்கமாக ஓடிவிடும். கூம்பைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் அதைச் சுற்றிய வட்டம் ஒரு வில்லாகத்தான் விரியும், நேர்கோடாக அல்ல. ஆகவே ஒன்று அந்த வில்லின் வடிவத்தில் மாஸ்க்கை வெட்ட வேண்டும், அல்லது ஓரத்துக்கு மட்டும் 2 மில்லிமீட்டர் டேப்பை வளைத்து ஒட்டி, நடுவை அகல டேப்பால் நிரப்ப வேண்டும். குறுகிய டேப் தன் தளத்திலேயே கொஞ்சம் வளைந்து கொடுக்கும், 10 மில்லிமீட்டர் டேப் சுருங்கி எழும்பும்.

கூம்பையாவது விரிக்க முடிகிறது. குமிழி மாதிரி எல்லாப் பக்கமும் வளைந்த கேனபியை (விமானியின் தலைக்கு மேலிருக்கும் தெளிவான மூடியை), உதாரணமாக மஸ்டாங் பி-51டி-யின் மூடியை, மடிப்போ கிழிசலோ இல்லாமல் தட்டையான தாளால் மூடவே முடியாது. 1827-இல் கணிதவியலாளர் காஸ் நிறுவியது இதுதான். உரித்த ஆரஞ்சுத் தோலை மேசையில் தட்டையாகப் பரப்பப் பார்த்தால் கிழிகிறதே, அதே காரணம். வினைல் மாஸ்க் இழுத்தால் நீளும், ஆகவே இங்கே அது கை கொடுக்கும் என்று தோன்றும். ஆனால் அது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், கொஞ்ச நேரத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும். வாஷி அப்படித் திரும்பாது. ஓரத்துக்கு வாஷிக் கீற்றுகள், நடுவுக்குத் திரவ மாஸ்க் என்று பிரித்துக்கொள்வதே பாதுகாப்பு. திரவ மாஸ்க்குகளில் பல ரப்பர் பால்தான். தண்ணீரில் மிதக்கும் ரப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் அமோனியா பார்த்துக்கொள்கிறது, காயும்போது துகள்கள் நெருங்கி இணைந்து ஒரே தோலாகின்றன. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அந்த அமோனியாதான்.

கேனபிச் சட்டங்களுக்குப் பெயின்ட் அடிக்கும்போது முதல் பூச்சு காக்பிட்டின் உள்நிறமாக இருக்க வேண்டும், அதன் மேல்தான் வெளி நிறம். பிளாஸ்டிக் தெளிவானது, உள்ளேயிருந்து பார்ப்பவருக்கு முதல் பூச்சின் அடிப்பக்கம்தான் தெரியும். சிறிய வேலை, ஆனால் முடிந்த மாடலில் பெரிய வித்தியாசம்.

வட்டச் சின்னங்களையும் எழுத்துகளையும் மேசை மேல் வைக்கும் சிறிய கட்டிங் மெஷினில் வினைலாகவோ வாஷியாகவோ வெட்டிக்கொள்ளலாம். செக் நாட்டின் எட்வார்ட் போன்றவர்கள் வெட்டியே விற்கிறார்கள். R, A போன்ற எழுத்துகளின் நடுவே தனியாக நிற்கும் தீவு இடம் மாறாமல் இருக்க, முழு மாஸ்க்கையும் ஒட்டுத்தாளில் எடுத்து ஒரே தடவையில் மாற்ற வேண்டும். நிற வரிசை எப்போதும் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுக்கு. மஞ்சளும் சிவப்பும் அடி நிறத்தை மறைப்பதில் பலவீனமானவை, கரும்பச்சை மேல் மஞ்சள் அடித்தால் பூச்சுக்கு மேல் பூச்சாகி வரப்பு உயர்ந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் கூர்மையான ஓரத்துக்கு. உருமறைப்பு நிறங்கள் சந்திக்கும் இடம் லேசாகக் கரைந்து தெரிய வேண்டும் என்றால் மாஸ்க்கை ஒட்டாமல், புளூ டாக் எனும் ஒட்டும் களிமண் மாதிரியான பொருளின் உருண்டைகள் மேல் சற்றுத் தூக்கி நிறுத்துவார்கள். தாள் 1 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்து, பெயின்ட் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்வு வரை வந்தால், ஓரம் சுமார் 0.36 மில்லிமீட்டர் கரையும். 1/48-இல் அது உண்மை விமானத்தின் 17 மில்லிமீட்டர். உயரத்தைப் பாதியாக்கினால் மங்கலும் பாதியாகும், ஆகவே 1/72-க்கு இன்னும் தாழ்த்தித்தான் வைக்க வேண்டும்.

பட்டை போடும் முன் உங்கள் விமானத்தின் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள், எந்த மாதம் எடுத்தது என்றும் பாருங்கள். படையிறங்கிய நாளின் பட்டைகள் பலவற்றைத் தரைப் பணியாளர்கள் தூரிகையால் பூசினார்கள், ஓரம் நெளிந்தும் திட்டுத் திட்டாகவும் இருக்கும். அந்த விமானத்துக்குச் சீராக வெட்டிய ஓரம் பொருந்தாது, டேப்பின் ஓரத்தைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்துக் கையால் லேசாக நெளித்து வெட்டி ஒட்டுங்கள். கோடைக்குப் பிறகு எடுத்த படம் என்றால் மேல்புறப் பட்டைகள் நீக்கப்பட்டிருக்கும், அடிப்புறத்துக்கு மட்டும் மாஸ்க் வெட்டினால் போதும்.